மேய்ச்சல் புறம்போக்கும் ஒரு கைத்துப்பாக்கியும்

நெடுங்கரைவெளி,
பாபநாசம் தாலுகா,
14.7.1997

அண்ணனுக்கு,

பொன்னுத்தாய் எழுதுவது. நானும் அம்சமும் நலம். போன ஐப்பசியில் நான் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு நின்றதிலிருந்து நீ எனக்கு எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போதும் சமாதானம் பேசுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்.

வாய்க்காலை ஒட்டியிருக்கிற மேய்ச்சல் புறம்போக்கு உனக்குத் தெரியும். துரைக்கண்ணு பண்ணை அதில் தென்னை வைத்து வேலி போட்டிருக்கிறது. அதை மீட்டு நம் தெரு ஜனங்களுக்கு வீட்டு மனையாகக் கொடுக்க வேண்டும் என்று சித்திரையில் பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டேன். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ஒரு கல்கூட இல்லை. அன்று தொடங்கியது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பண்ணை ஆட்கள் காதில் விழும்படி மிரட்டிப் பேசுகிறார்கள். வைக்கோல் போர் எரிந்தது. போன வாரம் கூரையின் பின்பக்கம் பற்றிக்கொண்டது, பக்கத்து வீட்டு நல்லக்கண்ணு ஓடிவந்து அணைத்தார். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ரசீது தருவதில்லை.

மதுரைப் பக்கம் நம்மைப் போன்ற ஒரு தலைவரை வெட்டிக் கொன்றதை நீயும் பேப்பரில் படித்திருப்பாய்.

நான் கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடப் போகிறேன். நீ பட்டாளத்தில் இருந்தவன், இப்போது பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவன். என்னென்ன வேண்டும், யாரிடம் போகவேண்டும் என்று உனக்குத் தெரியும். எழுது. என்னைத் தெரிந்தவர் என்று மனுவில் உன் பெயரையும் போட்டுக்கொள்ளச் சம்மதம் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

பொன்னுத்தாய்


கோயம்புத்தூர்,
22.7.1997

பொன்னுத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. மனுப் போடாதே.

தேர்தலில் நிற்காதே என்று சொன்னபோதும் காரணம் சொன்னேன், நீ கேட்கவில்லை. இப்போதும் சொல்கிறேன். நான் இருபது வருஷம் ஆயுதம் தூக்கியவன். அது கையில் இருந்தால் பயம் குறையும் என்பது தூக்காதவர்கள் நினைப்பது. தூக்கியவனுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து சேரும். அதை எங்கே வைக்கிறோம், யார் எடுப்பார்கள், எப்போது நம் கை நம் பேச்சைக் கேட்காமல் போகும் என்ற பயம். பத்தாவது படிக்கிற உன் மகள் அம்சம் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

இன்னொன்று. பண்ணையில் இரண்டு துப்பாக்கி இருக்கிறது, ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நம் தெருவில் ஒன்று வந்தால் நாளைக்கே தீவிரவாதி என்பார்கள். நீ அதை வெளியே எடுக்கிற அன்று அவர்கள் மீது வராத வழக்கு உன் மேல் வரும்.

அப்பா காலை இழுத்து இழுத்து நடந்ததை நீ பார்த்து வளர்ந்தாய். குண்டு பாய்ந்த அன்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கல் தொலைவு போனவன் நான். அறுவடைக் கூலி கேட்டுக் களத்தில் நின்ற ஆளின் தொடையில் பண்ணைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு, நெல்லில் விழுந்த பறவையைச் சுட்டபோது தவறிப் பட்டது என்று ஸ்டேஷனில் எழுதினார்கள். அந்தச் சனியனை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவருகிறேன் என்கிறாய்.

என் பெயரைப் போடாதே. பதவியை விட்டுவிட்டு அம்சத்தை அழைத்துக்கொண்டு இங்கே வா. வீடு பார்த்துத் தருகிறேன்.

இராஜாங்கம்


நெடுங்கரைவெளி,
6.8.1997

அண்ணனுக்கு,

அப்பாவைப் பற்றி எனக்கு எழுதத் தேவையில்லை. அவரைச் சுட்ட துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது. அதனால்தான் அது விபத்து ஆயிற்று. அவர் கையில் இருந்த கதிர் அரிவாளுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் அது ஆயுதம் ஆயிற்று. அவர் மேல் போட்ட வழக்கு முடிய எத்தனை வருஷம் ஆனது என்று உனக்குத் தெரியும். நீ அப்போது ஊரில் இல்லை, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாய். கோர்ட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு அவரோடு போனவள் நான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தாநாள் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டேன். போட்டோ, ஸ்டாம்பு, குடும்ப அட்டை நகல் எல்லாம் வைத்தேன். என்ன வகை ஆயுதம், எதற்காக, எந்த எல்லைக்குள் எடுத்துப் போவாய், வீட்டில் எங்கே வைப்பாய் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எதற்காக என்ற இடத்தில் உயிருக்காக என்று எழுதினேன். ஆபீசில் இருந்தவர் நல்ல மனுஷர். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று போட்டால் நாட்டுத் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்கும், கைத்துப்பாக்கி கேட்டால் மலையைப் புரட்டுவதுபோல ஆகும் என்றார். எனக்குப் பயிர் இல்லை சார் என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

தெரிந்தவர் என்ற இடத்தில் அம்சத்தின் தலைமையாசிரியை ரெங்கம்மாள் டீச்சரையும், ரைஸ்மில் அப்துல் வஹாப் பாயையும் போட்டேன். பாய் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். ஆனால் சரி என்றார்.

கோயம்புத்தூருக்கு வரமாட்டேன். எனக்கு ஓட்டுப் போட்டவர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பொன்னுத்தாய்


கோயம்புத்தூர்,
19.8.1997

பொன்னுத்தாய்க்கு,

நீ செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் போட்டுவிட்டாய். இனி அரைகுறையாக விட்டால் இன்னும் ஆபத்து.

மனு இரண்டு பக்கம் போகும். ஒன்று போலீஸ், மற்றது தாசில்தார். இரண்டு ரிப்போர்ட்டும் சேர்ந்துதான் கலெக்டர் மேஜைக்கு வரும். போலீஸ் முதலில் உன்மேல் வழக்கு இருக்கிறதா என்று பார்க்கும். எண்பத்தொன்பதில் அறுவடை மறியலில் உன்னையும் பிடித்து வைத்தார்கள். கோர்ட்டில் விடுதலை ஆனாய். ஆனால் பிடித்தது மட்டும் அவர்கள் புத்தகத்தில் இருக்கும், விட்டது இருக்காது. தீர்ப்பு நகலை இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொள்.

பூட்டுப் போட்ட இரும்பு பீரோ வேண்டும், வந்து பார்ப்பார்கள். உனக்கு யாரிடம் ஆபத்து என்று கேட்டால் பெயரைச் சொல். பொத்தாம் பொதுவாகப் பேசினால் ஆபத்தே இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

இதை எழுதியதால் எனக்குச் சம்மதம் என்று நினைக்காதே.

இராஜாங்கம்


நெடுங்கரைவெளி,
30.9.1997

அண்ணனுக்கு,

நீ எழுதியபடி தீர்ப்பு நகல் எடுத்தேன். அது இல்லாவிட்டால் போன வாரமே மனு செத்திருக்கும்.

தாசில்தார் ஆபீசிலிருந்து வந்தவர் பீரோவைப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார், போய்விட்டார். போலீஸ் விசாரணைதான் உயிரை எடுத்தது. இன்ஸ்பெக்டர் நேரே பண்ணை வீடு இருக்கிற மேலத்தெருவுக்குப் போய் அங்கே மோர் குடித்துக்கொண்டு, பொன்னுத்தாய்க்குத் துப்பாக்கி கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். துரைக்கண்ணுவின் மச்சான் பஞ்சநதம், அந்தப் பெண்ணுக்குக் கோபம் அதிகம், அவள் புருஷன் இருந்தவரைக்கும் அவன்தான் அடக்கி வைத்திருந்தான் என்றாராம். என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் என்னை ஒருநாளும் அடக்கியதில்லை.

பிறகு என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். நாற்காலி போட்டார்கள், அதைச் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர், “ஏம்மா, ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? சமாதானமாப் போனா என்ன?” என்றார். நான் எழுதிக் கொடுத்த புகார்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். அப்படி எதுவும் வரவில்லை என்றார். என் கண்முன்னால் அலமாரியில் வைத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண்ணுக்கு உயிர் ஆபத்து ஏதும் இல்லை, பழைய வழக்கு உண்டு, கொடுக்கத் தேவையில்லை என்று ரிப்போர்ட் போய்விட்டது. நான் தஞ்சாவூருக்கு ஓடி, தீர்ப்பு நகலை வைத்து, என்னை நேரில் கேட்காமல் தள்ளக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கார்த்திகையில் கலெக்டர் முன்னால் விசாரணை என்று தபால் வந்திருக்கிறது.

குறுவை அறுப்பு முடிந்தது. வேறு விசேஷம் இல்லை.

பொன்னுத்தாய்


கோயம்புத்தூர்,
21.10.1997

பொன்னு,

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லக்கண்ணு இங்கே சாயப்பட்டறை வேலைக்கு ஆள் சேர்க்க வந்தவர் பேங்க் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அழுதார். கொள்ளிடக் கரையில் யூனியன் ஆபீசுக்குப் போய்த் திரும்பும்போது உன் டிவிஎஸ்ஸை மறித்தார்களாமே. வலது கையில் தையல் போட்டிருக்கிறதாமே. உன் போன கடிதத்தில் எழுத்து ஏன் சாய்ந்திருக்கிறது என்று அன்றே யோசித்தேன். வயசாகிறது என்று நினைத்துவிட்டேன்.

எனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்கமாட்டேன். எழுதினால் நான் என்ன பதில் போடுவேன் என்று உனக்குத் தெரியும். விட்டுவிட்டு வா என்றிருப்பேன்.

விசாரணைக்கு நான் வருகிறேன். லீவு போட்டுவிட்டேன். சர்வீஸ் புத்தகமும் என் லைசென்ஸும் கொண்டு வருகிறேன். கையாளக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பு என்னுடையது என்று எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் தனியாகக் கரைப் பாதையில் போகாதே. பஸ்ஸில் போ, பின் சீட்டில் உட்காராதே.

அண்ணன்


நெடுங்கரைவெளி,
9.12.1997

அண்ணனுக்கு,

லைசென்ஸ் வந்துவிட்டது. என் போட்டோ ஒட்டி முத்திரை குத்தி, சின்னப் புத்தகமாக இருக்கிறது. அம்சம் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

விசாரணையன்று நீ வராந்தாவில் இருந்தாய், உள்ளே என்ன பேசினேன் என்று பஸ்ஸில் கேட்டாய். அழுகை வரும்போல இருந்தது, அதனால் அப்போது சொல்லவில்லை. போலீஸ் பாதுகாப்புக் கேட்கலாமே என்று கலெக்டர் சொன்னார். கேட்டேன், ரசீதுகூடக் கொடுக்கவில்லை என்றேன். ஊரில் உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறதே என்றார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

“பண்ணை வீட்டுல ரெண்டு துப்பாக்கி இருக்குங்க. அதுக்கு விசாரணை நடந்தப்ப எங்க தெருவுல யாரையாவது கேட்டீங்களாங்க?” என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். தையல் தழும்பு அப்போது சிவப்பாகவே இருந்தது. உன் காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, நீங்கள் போகலாம் என்றார். அவ்வளவுதான். அந்த வராந்தாவில் என் காலில் செருப்பு இல்லை என்று நீதான் காட்டினாய். உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

துப்பாக்கி வாங்கப் போகிற பணம் நீ தருவது என்பதை மறக்கமாட்டேன். சென்னைக் கடைக்கு உன்னோடு எப்போது போவது என்று எழுது.

பொன்னுத்தாய்


நெடுங்கரைவெளி,
2.2.1998

அண்ணே,

பொங்கலுக்கு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாய். திருச்சி மைதானத்தில் முதல் தடவை சுட்டபோது தோள்வரை அதிர்ந்ததே, அது இன்னும் என் உடம்பில் இருக்கிறது. வீட்டில் தோட்டா வேறு, துப்பாக்கி வேறு என்று நீ சொன்னபடியே வைத்திருக்கிறேன். அம்சம் பீரோ இருக்கிற அறையில் படிப்பதில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் படிக்கிறாள்.

நம் ஆட்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவார்கள். இப்போது இருமிக்கொண்டு வருகிறார்கள்.

எம்.பி. தேர்தல் வருவதால் எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். போன திங்கள்கிழமை போனேன். எனக்கு முன்னால் துரைக்கண்ணு. இரண்டு நீளத் துப்பாக்கியையும் ஆள் தூக்கிக்கொண்டு நின்றான். நான் துணிப்பையிலிருந்து என்னுடையதை எடுத்து வைத்தேன். அவர் திரும்பி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து என்னை வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். தலைவர் ஆன பிறகும் அதுதான். அன்று, “ஒங்களுக்கு மொதல்ல எழுதிக்கிடுங்க, பொம்பளைங்க காத்திருக்க வேணாம்” என்றார்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது என்று நினைப்பாய். இல்லை. ஒரு சாண் இரும்பு இல்லாமல் அந்த ‘ங்க’ அவர் வாயிலிருந்து வந்திருக்காது. நீங்களே முதலில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நின்றேன்.

தேர்தல் முடிந்ததும் சர்வேயர் மறுபடி வருகிறார்.

பொன்னுத்தாய்


நெடுங்கரைவெளி,
17.4.1998

அண்ணே,

அவசரமாக எழுதுகிறேன். அப்துல் வஹாப் பாய் உனக்குப் போன் செய்திருப்பார். நான் உயிரோடு இருக்கிறேன். அம்சத்துக்கு ஒன்றும் இல்லை.

நேற்று சர்வேயர் வருகிற நாள். காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது நாலு பேர் வந்தார்கள். பஞ்சநதம் முன்னால், மற்ற மூவர் கையிலும் அரிவாள். இன்றைக்கு நீ வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, வந்தால் பெண்ணுக்குத் தாய் இருக்கமாட்டாள் என்றார். அம்சம் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் உள்ளே போனேன், பீரோவைத் திறந்தேன், தோட்டா போட்டேன். நீ சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் கை தானாகச் செய்தது. வாசலுக்கு வந்து தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரையும் நோக்கி நீட்டவில்லை. இதைக் கோர்ட்டிலும் சொல்வேன், உன்னிடமும் சொல்கிறேன். ஆனால் ஒருவன் படியில் கால் வைத்திருந்தால் நீட்டியிருப்பேன். சுட்டும் இருப்பேன். அது எனக்குத் தெரிந்தது, அவர்களுக்கும் தெரிந்தது. போய்விட்டார்கள்.

மத்தியானத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. வழியில் போனவர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டினேன் என்று பஞ்சநதம் புகார். என் புகாருக்கு மாசக்கணக்கில் கிடைக்காத ரசீது அவருக்குக் காலையிலேயே கிடைத்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வரும் என்கிறார்கள். சர்வேயர் வழியிலேயே திரும்பிவிட்டார்.

நீ முதல் கடிதத்தில் எழுதியது அப்படியே நடந்துவிட்டது. சொன்னேனே என்று எழுதாதே. இப்போது என்னால் அதைத் தாங்கமுடியாது.

பொன்னு


கோயம்புத்தூர்,
21.4.1998

பொன்னு,

எழுதமாட்டேன்.

நான் சொன்னது நடந்தது. நான் சொன்னபடி நீ கேட்டிருந்தால் வேறொன்று நடந்திருக்கும், அம்சம் அதைக் கதவிடுக்கில் பார்த்திருப்பாள். பாய் போன் செய்து வைத்த பிறகு பேங்க் வாசலில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்தேன். என் கையில் துப்பாக்கி இருந்தது. யாரோ ஒருவருடைய பணத்துக்கு இருபத்திரண்டு தோட்டாவோடு காவல் நிற்கிறேன். இது தவறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உன் உயிருக்கு நீ நின்றதை மட்டும் தவறு என்றேன்.

நோட்டீஸ் வந்ததும் பயப்படாதே. அதுவும் ஒரு விசாரணைதான். அவர்கள் ஏன் துப்பாக்கியை எடுத்தாய் என்று கேட்டே ஆகவேண்டும். கேட்டால் நீ சொல்வதை எழுதியே ஆகவேண்டும். நாலு பேர் பெயரையும், யார் கையில் என்ன இருந்தது என்பதையும், நின்ற இடத்தையும் சொல். அம்சம் பேச விரும்பினால் மட்டும் பேசட்டும், வற்புறுத்தாதே.

சனிக்கிழமை காலை தஞ்சாவூர் வருகிறேன்.

அண்ணன்


நெடுங்கரைவெளி,
11.7.1998

அண்ணே,

நீ கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு நடந்ததை எல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

ஆர்.டி.ஓ. விசாரணையில் அம்சம் தானாகவே எழுந்து பேசினாள் என்பது வரை நீ இருந்தாய். அவள் சொன்னதையெல்லாம் எழுதிய பிறகு, இந்தப் பெண்ணின் தாய் முன்பே புகார் கொடுத்ததாகச் சொல்கிறாரே, எங்கே என்று ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். அவர் கொண்டுவருகிறேன் என்றார். கொண்டுவந்தார். எல்லாம் அந்த அலமாரியிலேயே இருந்திருக்கிறது. கொள்ளிடக் கரையில் என்னை வெட்டியதற்கு இப்போதுதான் வழக்குப் பதிவாகியிருக்கிறது. பஞ்சநதத்தையும் இன்னும் இருவரையும் பிடித்து, ஜாமீனில் விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்தால் அவர் இப்போது எதிர்ப் பக்கம் ஒதுங்கிப் போகிறார். அது பயமா, நேரம் பார்ப்பதா என்று தெரியவில்லை.

ஆனி மாதம் போலீஸ் பந்தோபஸ்தோடு புறம்போக்கை அளந்தார்கள். என்னிடம் துப்பாக்கி இல்லை. நம் தெருப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து வாய்க்கால் கரையில் நின்றார்கள். துரைக்கண்ணுவின் ஆட்கள் தென்னைக்குள் நின்றார்கள். சர்வேயர் அளவுச் சங்கிலியைச் சுருட்டுகிற வரைக்கும் யாரும் நகரவில்லை. கிழக்குப் பாதிக்கு அவர் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார், அது எத்தனை வருஷம் இழுக்குமோ. மேற்குப் பாதி நமக்கு. நல்லக்கண்ணு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியாயிற்று. அதில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கிறது, இறைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் உத்தரவு வந்தது. லைசென்ஸ் ரத்து இல்லை, துப்பாக்கியை எச்சரிக்கையோடு திருப்பித் தரலாம் என்று. நான்கு நாள் போகவில்லை. காலையில் கிளம்புவேன், வேறு வேலை வந்துவிடும், அல்லது வந்ததாக வைத்துக்கொள்வேன். இது இல்லாமலே அளந்தோமே, இனி எதற்கு என்று ஒரு மனசு. அன்று அந்த ஜனங்களைக் கரையில் நிற்க வைத்தது எது என்று இன்னொரு மனசு. பஞ்சநதம் ஜாமீனில் இருக்கிறார் என்பது மூன்றாவது.

நேற்றுப் போய் வாங்கி வந்தேன். ஸ்டேஷனில் எழுதுகிறவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து நீ சொன்னபடி திறந்து பார்த்து, துடைத்து, தோட்டாவை வேறு இடத்தில் வைத்தேன். அம்சம் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையை இறக்காமலே அறை வாசலில் நின்றாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா இது வேணும்?” என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. அந்த நாள் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன், ஒரு நாளைச் சொல் என்பதுபோலக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு பீரோவைப் பூட்டினேன்.

பொன்னுத்தாய்